காற்று போகும் பக்கம்

முதல் குளிர்காலத்தில் வேட்டைக்காகப் பதினோரு தடவை போய் உட்கார்ந்தேன். ஓநாயினத்து விலங்கான கயோட்டி ஒன்றுகூட வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பன்னிரண்டாவது தடவை, முந்தின ராத்திரி தூறல் போட்டிருந்தது. வண்டிக்குத் திரும்பும் மண்பாதையில் என் பூட்ஸ் தடத்தின் மேலேயே புதுசாக ஒரு காலடித் தடம், நகம் வரைக்கும் தெளிவாக. எனக்குப் பின்னால் முப்பது கஜத்துக்குள் வந்து, உட்கார்ந்து, பிறகு எழுந்து போயிருக்கிறது. நான் முன்னாலிருந்த மெஸ்கீட் புதரை முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது என்னை வேடிக்கை பார்த்திருக்கிறது.

இது மேற்கு டெக்சஸ். சான் ஏஞ்சலோவைச் சுற்றி செம்மறியும் வெள்ளாடும் வளர்க்கும் சீமை. வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். வேட்டைக்கு இடம் கொடுத்த பண்ணைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். கயோட்டி என்று முழுதாகச் சொல்ல மாட்டார், ‘கையோட்’ என்று வெட்டிவிடுவார். இந்த மாநிலத்தில் கயோட்டிக்கு வேட்டைத் தடைக்காலம் கிடையாது, மின்கருவியில் கூப்பிடவும் தடையில்லை. ஆனால் நிலத்துக்காரரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். அவர் சம்மதித்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, ஆடுகள் குட்டி போடும் பருவம் நெருங்கியதுதான்.

கருவி என்பது ஒரு ஸ்பீக்கர், ஒரு ரிமோட், அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஓசைகள். முயலின் மரண ஓலம், பறவையின் படபடப்பு, கயோட்டிக் குட்டியின் அழுகை, ஜோடி தேடும் ஊளை. ஊரில் சின்ன வயதில் நரிக்குறவர் ஒருவர் வெறும் வாயால் நரி ஊளையிட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. தெருநாய்கள் அத்தனையும் பதில் கொடுத்தன. டெக்சஸிலும் அப்படி வாயால் கூப்பிட்டவர்கள் உண்டு. மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்னம் சகோதரர்கள் அதில் பேர்போனவர்கள். பிறகு வேக்கோவில் ஜானி ஸ்டூவர்ட் நிஜமான விலங்குகளின் அலறலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். தட்டு போய் கேசட் வந்து, கேசட் போய் இந்தப் பெட்டி வந்தது. வாய்வித்தைக்காரருக்கு மூச்சு முட்டும், நிறுத்தித்தான் ஆகவேண்டும். பெட்டிக்கு மூச்சு முட்டாது. என் முதல் வருஷத் தோல்வியில் பாதி அங்கேதான்.

வாங்கின புதுசில் கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி வைத்தேன். சத்தத்தை முழுசாகத் திருகி, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஓசையாக மாற்றிக்கொண்டே இருப்பேன். பக்கத்துப் பள்ளத்தில் ஒன்று படுத்திருந்தால் அந்த முதல் அலறலிலேயே தலைதெறிக்க ஓடியிருக்கும். இப்போது காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்குகிறேன். அரை நிமிஷம் முயல் கத்தும். பிறகு நிறுத்திவிடுவேன். அந்த நிசப்தத்தில்தான் கயோட்டி நடக்கிறது என்பது என் கட்சி. சத்தம் ஓயாமல் வந்தால் அது நின்று கேட்கிறது. சத்தம் நின்றால், தன்னை முந்திக்கொண்டு வேறெதுவோ முயலைத் தின்றுவிட்டதோ என்று வருகிறது. அதன் மனசுக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் என் ரிமோட்டில் எழுத்து தேய்ந்து போயிருப்பது நிறுத்தும் பொத்தானில் மட்டும்தான்.

மீதிப் பாதி, காற்று. காதால் எத்தனை நம்பினாலும் கயோட்டி கடைசியில் மூக்கைத்தான் கேட்கும். நேராக ஓடி வருவது பெரும்பாலும் அனுபவமில்லாத இளசு. மற்றவை சத்தம் வரும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று போகும் பக்கமாய் வந்து மோந்து பார்க்கும். நான் ஸ்பீக்கரைக் காலடியிலேயே வைத்திருந்தேன், ஆகவே அது மோந்ததெல்லாம் என்னைத்தான். பண்ணைக்காரர் தடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பிடி காய்ந்த புல்லைக் கிள்ளி உதிர்த்துக் காட்டினார். பாடம் அவ்வளவுதான்.

அடுத்த ஜனவரியில் ஒரு விடியல். காற்று வடக்கிலிருந்து. ஸ்பீக்கரை எனக்கு மேற்கே நாற்பது கஜம் தள்ளி ஒரு கற்றாழைக்கடியில் வைத்தேன். அதன் தெற்குப் பக்கம் முழுக்க வெட்டவெளி. சுற்றி வருவது எதுவானாலும் என் வாடை போகும் கோட்டைத் தொடுமுன் அந்த வெளியைக் கடக்கவேண்டும். வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் அழுத்தி மட்டும் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஏழு நிமிஷம் ஒன்றுமில்லை. ஒரு பருந்து தாழப் பறந்து ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டுப் போனது. பதினோராவது நிமிஷம், சத்தம் நின்றிருந்தபோது, புல்லின் நிறம் ஓரிடத்தில் நகர்ந்தது. சாம்பல், அதில் லேசாகச் செம்மண். காதுகள் இரண்டும் ஸ்பீக்கர் பக்கம், மூக்கு தரையோடு. என் கை நடுங்கியதில் துப்பாக்கி தாங்கும் கவைக்கோல் சிணுங்கியது. வாயால் ஒரு சின்னக் குரைப்பு கொடுத்தேன். ஓடுவதை நிறுத்தி ஏறிட்டுப் பார்க்க வைக்கும் தந்திரம் அது. நின்றது. சுட்டேன்.

பெண். பதின்மூன்று கிலோ இருக்கும். தோலுக்கு இப்போது விலையில்லை என்றாலும் பண்ணைக்காரர் உரித்தே தீருவார், கூடவே வயிற்றையும் திறந்து பார்ப்பார். உள்ளே இரண்டு எலி, கொஞ்சம் ஜூனிப்பர் பழம். ஆட்டு மயிர் ஒன்றுகூட இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எலி நேற்றையது. என் ஆடு இன்னும் குட்டி போடவில்லையே,” என்றார்.

கத்தியைப் புல்லில் துடைத்தார். அந்தப் பேச்சுக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதிலில்லை. எலிகள் யார் கணக்கில் சேரும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்று மேற்குக்குத் திரும்பியிருந்ததால் அடுத்த இடத்துக்கு ஸ்பீக்கரை வேறு பக்கம் வைக்கவேண்டும் என்று சொல்லி, வண்டியில் ஏறினார்.