அதிருமலையில் இரண்டு இரவுகள்

காலையில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டாலே அந்தக் கொட்டகை நினைப்பு வந்துவிடும். தூத்துக்குடிக்காரனுக்கு நல்ல தண்ணீர் என்றால் வல்லநாட்டுத் தண்ணீர். வல்லநாட்டுக்குத் தாமிரபரணி, தாமிரபரணிக்குப் பொதிகை. அந்தப் பொதிகையின் மடியில், அதிருமலை முகாமில், இரண்டு இரவு படுத்திருந்தவன் நான்.

கேரளம் வழியாகச் சுற்றித்தான் போனோம், நானும் என் கூட்டாளியும். போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து நாள் முழுக்க நடை. வழியில் ஓர் ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பேர். நமக்குத் தேரி என்றால் செம்மணலும் பனையும். அங்கே முட்டி நெஞ்சில் வந்து இடிக்கும் மலை.

கொட்டகையில் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, தரையில் பாய், இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத ஆட்கள். ராத்திரிக்கு ஆவி பறக்கும் கஞ்சியும் பயறும். துறைமுகத்து லாரிச் சத்தத்தில் உறங்கிப் பழகிய காதுக்கு, தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி விடியவிடிய அடித்த அந்தக் காற்று புதிது. நடுச்சாமத்தில் பக்கத்துப் பாயிலிருந்து, "எலேய், உறங்கிட்டியா?" என்பான் கூட்டாளி. உறங்கியதுபோல் கிடப்பேன். பதில் சொல்லியிருக்கலாம்.

இருட்டு பிரியுமுன் காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்து, "எந்திரிங்க மக்களே" என்று எழுப்புவார். அதட்டலில்லாத குரல். ஓடைத் தண்ணீரை முகத்தில் அடித்ததும் பல் கிட்டும். கயிறு பிடித்து ஏறி, 1,868 மீட்டர் உச்சியில் அகத்தியர் சிலையையும் கும்பிட்டோம். ஒரே மேகம், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உச்சிக்கு நான் ஏங்கவில்லை. அந்தப் பாய்க்குத்தான்.

கூட்டாளி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். இப்போது வீட்டில் ஏசி இருக்கிறது; பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டால் குளிரத்தான் செய்கிறது. கூரை அதிர்வதில்லை. நடுச்சாமத்தில் முழித்துக் கிடக்கிறேன், யாராவது கேட்க மாட்டார்களா என்று.

ஒருநாள் பொறுக்காமல் புன்னைக்காயல் போனேன், ஆறு கடலில் சேரும் இடத்துக்கு. கொற்கையை முத்துத் துறைமுகமாக வாழவைத்ததும், வண்டல் போட்டுக் கடலைத் தள்ளி அதை வெறும் கிராமமாக்கியதும் இந்த ஆறுதான். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பு.

உங்களுக்கும் எங்கோ இப்படி ஒரு பாய் விரித்துக் கிடக்கும். அதிருமலைக்கு ஜனவரி வாக்கில்தான் ஆட்களை விடுகிறார்கள். முட்டி நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். பக்கத்துப் பாய்க்காரன் கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள்.