ஒரகடத்தில் வழி தவறுவோர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால் ஒரகடம் கூட்டுச்சாலை. அதைச் சுற்றி ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள். அகலமான தார்ச்சாலை, தெருவிளக்கு எல்லாம் இருந்தும் இங்கே வழி தவறுவது எளிது. தவறியவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறோம். குறை இடத்தில்தான் என்பது என் கட்சி.

மனிதனுக்கு உள்ளூரத் திசையறிவு உண்டென்பது பெரும்பாலும் பிரமை. யான் சௌமன் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டது. ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் நேராக நடக்கச் சொல்லி ஆட்களை விட்டார்கள். வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்களோ வட்டமடித்துத் தாங்கள் நடந்த தடத்தையே குறுக்கே கடந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியவுமில்லை. ஆக, நம்மை வழிநடத்துவது கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம். ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள் ஆதிகேசவப் பெருமாள் கோயில் அந்த வேலையைச் செய்கிறது. தொழிற்பூங்காவுக்குள் எந்த மூலையில் நின்றாலும் அதே மதில், அதே தகரக் கூரை, அதே செக்யூரிட்டி அறை. ஏரிக்கரையும் பிள்ளையார் கோயிலும் எங்கேனும் மிஞ்சியிருந்தாலும் மதில் மறைத்துவிடுகிறது.

கையில் போன் இருக்க என்ன கவலை என்பார்கள். போன் காட்டுவது ஆலையின் பெயரை. லாரி டிரைவருக்கு வேண்டியது சரக்கு இறக்கும் கேட். பெரிய ஆலையில் ஆட்கள் நுழையும் கேட் ஒரு சாலையிலும் சரக்கு கேட் பின்பக்கச் சாலையிலும் இருக்கலாம். தவறான கேட்டில் நிற்கும் டிரெய்லரைத் திருப்புவது லேசான காரியமா? அங்கேயே வேலை செய்பவர்கள் தவறுவதில்லையே என்று இன்னொரு கேள்வி வரும். கம்பெனி பஸ்ஸில் ஏறி வாசலில் இறங்குகிறவருக்குச் சாலையைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்து ஆலைக்கு வழி கேட்டால் அவரும் யோசிப்பார். டீக்கடையில் கேட்கலாம்தான், ஆனால் அங்கே நிற்பவரும் வெளியூர்க்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கம்பெனிப் பெயர்களையே அடையாளமாக வைத்துக்கொள்வதும் நிலைக்காது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. வல்லம், மாத்தூர் என்ற இங்குள்ள ஊர்ப்பெயர்கள் அப்படி மூடிப்போகிறவை அல்ல. சிப்காட் நிர்வாகம் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கீழே அந்த இடத்தின் பழைய ஊர்ப்பெயரைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கட்டும். ஆலைகள் தங்கள் முகவரியில் கேட் எண்ணோடு அந்தச் சந்திப்பு எண்ணையும் சேர்த்து அச்சிடட்டும்.