முக்காலியும் பொன்வண்டும்

மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும்; முக்காலி ஆடாது. மூன்று முனைகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பது க்ஷேத்திர கணிதம். ஆனால் முக்காலி ஆடாததால் அதன் மேல் ஏறி அமர்ந்திருப்பதும் ஆடாது என்று கணிதம் சொல்லவில்லை. காமிராவைக் கையாளும் நேயர்கள் இந்த வித்தியாசத்தை நன்கு அறிவார்கள்.

என் வகுப்பு மாணவன் ஒருவன், இறந்து கிடந்த பொன்வண்டு ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்துக் கொணர்ந்தான். உயிர் போயும் அதன் பசுமை போகவில்லை. அது சாயமன்று, மெல்லிய ஏடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறக்கும் வர்ணம். நாற்பது பிள்ளைகளும் ஒருங்கே காணும்படி அதைப் பெரிய படமாக்க விரும்பினேன்.

அதில் ஒரு சங்கடம் உண்டு. பொருளை அதன் மெய்யளவிலேயே காமிராவுக்குள் விழச் செய்தால், துவாரத்தை எட்டாம் எண்ணில் வைத்தாலும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழந்தான் தெளிவாக விழும். கொம்பு தெளிந்தால் முதுகு மங்கும். துவாரத்தை மேலும் சுருக்கினாலோ, ஒளி வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். ஆகவே குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியைக் கம்ப்யூட்டரால் ஒன்று சேர்க்க வேண்டும். முதற் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே காமிரா அசையலாகாது.

என்னிடமுள்ள நெடிய லென்ஸின் எடை ஒரு கிலோவுக்கு மேல். காமிராவின் அடியை மட்டும் முக்காலியில் பூட்டினால், முன்னே நீண்ட லென்ஸ் நெம்புகோலாகி விடுகிறது. திருகை எவ்வளவு முடுக்கினாலும், கையை எடுத்ததும் மூக்கு மெல்லத் தாழும். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாங்க வேண்டும்; முடுக்குவது அதற்கு ஈடாகாது. இதற்காகவே கனமான லென்ஸ்களுக்குக் காலுடன் கூடிய வளையம் உண்டு. அந்தக் காலை முக்காலியில் பொருத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, திருகை இறுக்கும் முன்பே தராசுபோல் சமமாக நிற்கச் செய்தேன். வளையமில்லாத லென்ஸானால், நீண்ட தட்டொன்றைப் பூட்டி, முனைக்கும் ஒரு முட்டுக் கொடுக்கலாம்.

மற்றவை சிறு விஷயங்கள். முக்காலியின் ஒரு கால் லென்ஸின் திசையில் இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். லென்ஸிலுள்ள நடுக்கம் தவிர்க்கும் விசையை அணைத்துவிடுங்கள். பொத்தானை விரலால் அழுத்தியதும் படம் விழாமல், சில விநாடி கழித்து விழும்படி அமையுங்கள். பள்ளிக்கூடத்தில் மின்விசிறியும் பையன்களின் ஓட்டமும் பெரும் விரோதிகளாகையால், நான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

முப்பத்தாறு படங்கள் ஒன்றாயின. சிறகோட்டின் ஒவ்வொரு குழியும் தெரிந்தது. பொன்வண்டைக் கொணர்ந்த பையன் வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஸார், இது நிஜப் படமா, ஒட்டுப்போட்ட படமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி! 1665-ல் வெளிவந்த தமது 'மைக்ரோகிராபியா' நூலுக்காக ராபர்ட் ஹூக் பூச்சிகளை வரைந்தபோதும், பல விதமாகப் பார்த்ததைத்தான் ஒரே சித்திரமாக்கினார். அவருக்குக் கண்ணும் கையும் சாட்சி. எங்களுக்கோ அசையாத முக்காலி சாட்சி. காமிரா நழுவியிருந்தால் ஒரு மயிர் இரண்டாகத் தோன்றியிருக்கும்; இல்லாததை இருப்பதாகப் படம் சொல்லியிருக்கும். நழுவாததால், எந்தக் கண்ணும் ஒரே பார்வையில் காணாததாயினும், அது பொய்யாகவில்லை.

ஆயினும் பையனின் சந்தேகம் நியாயமானது. ஆகையால் படத்தின் கீழே, "36 படங்களின் சேர்க்கை" என்று எழுதி வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.