திண்டிவனத்தில் ஒரு சீனப் பயிற்சி

சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் வந்து கூடும் விழுப்புரம் சந்திப்பில், வண்டி முற்றிலும் நிற்குமுன்னரே தலையில் கூடையுடன் இறங்கி நடக்கும் பெண்மணிகளைக் காணாதவர் இலர். அது விதிக்கு முரணான செயல். அதனை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் எழுபது வயதைக் கடந்து, கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு ஏறும் நமக்கு, அவர்களுடைய கால்களின் உறுதி வியப்பையும் சிறிது பொறாமையையும் ஒருங்கே தந்தது.

நாம் சென்றது திண்டிவனத்திலுள்ள தமக்கையாரைக் காண்பதற்கு. சென்ற ஐப்பசி மழையில், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் அவர். அறுவை மருத்துவம் நன்றாகவே முடிந்தது. ஆனால் எலும்பு கூடிய பின்னரும் அச்சம் கூடவே தங்கிவிட்டது. ஒன்பது மாதங்களாக வீட்டு வாயிற்படி தாண்டவில்லை. ஞாயிறு திருப்பலிக்கும் செல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஓடியாடி உழைத்தவர் நாற்காலியில் ஒடுங்கியிருப்பதைக் காணச் செல்லும்போதெல்லாம், திரும்பும் வழியில் நமக்குப் பேச்சு எழுவதில்லை.

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் கடந்தன. திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். அம்மரங்கள் அடர்ந்த வனமாதலின் இவ்வூர் திண்டிவனமாயிற்று என்பர். காடு போய்விட்டது, பெயர் நிற்கிறது.

வீட்டை அடைந்தபோது முற்றத்து வேம்பின் அடியில் ஒரு புதுமையைக் கண்டோம். முதியோர் அறுவர், நீருக்குள் நடப்பவரைப் போல் மிக மெதுவாகக் கைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் நின்றனர். ஆறாமவர் நம் தமக்கையார்! ஒரு கை கனத்த நாற்காலியின் முதுகில் இருந்தது. மறு கை மட்டும் காற்றில் அசைந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கை நீட்டும் தொலைவில் அவருடைய மகன் நின்றிருந்தார். இயன்முறை மருத்துவம் பயின்ற அவர், புதுச்சேரிப் பக்கம் ஓராண்டு சென்று கற்றுவந்த பயிற்சி இது. ‘தாய் சி’ என்று பெயர்.

“மாமா, நீங்களும் நில்லுங்கள்” என்றார். நின்றோம்.

முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, முதுகை நிமிர்த்தி, உடற்பாரம் முழுவதையும் வலக்காலில் ஏற்றவேண்டும். பாரம் நீங்கி வெறுமையான இடக்காலை மெல்ல முன்வைக்கவேண்டும். குதிகால் தரையைத் தொட்ட பின்னரும் உடனே அதன்மேல் சாய்ந்துவிடலாகாது. தரை உறுதிதான் என்று கால் அறிந்த பிறகே பாரத்தைச் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். கேட்பதற்கு எளிது. நான்காம் அடியில் நம் தொடைகள் நடுங்கின. ஈரவரப்பில் நாற்றுக்கட்டுடன் நடக்கும் உழவர் மகளிர் நாள்தோறும் செய்வது இதுவே என்று அப்போது விளங்கிற்று. தார்ச்சாலையில் நடந்தே பழகிய நம் கால்கள் அந்தக் கல்வியை என்றோ மறந்துவிட்டன.

சிற்றுண்டியின்போது நம் ஐயங்களை அடுக்கினோம். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனருக்குக் கற்பித்த கலைதானே இது? 2011-இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்திற்குப் பின் நம் இளைஞர் பலர் அவரே சீனக் கலைகளின் தந்தை என்று கூறக் கேட்டிருக்கிறோம். மருமகன் சிரித்தார். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது. மற்றொன்று பாரசீகர் என்கிறது. அவர் உடற்பயிற்சி கற்பித்ததாகக் கூறும் நூலோ, அவர் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. தாய் சியின் வரலாறு ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் சிற்றூரிலிருந்தே தெளிவாகத் தொடங்குகிறது. அங்குக் கற்ற யாங் லூசான் 19-ஆம் நூற்றாண்டில் அதனைப் பெய்ஜிங் நகருக்குக் கொண்டுசென்றார். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை 24 அசைவுகளாகச் சுருக்கிப் பொதுமக்களிடையே பரப்பிற்று. 2020-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. பெயரிலுள்ள ‘சி’ என்பது மூச்சையோ உயிராற்றலையோ குறிக்கும் சொல்லன்று. எல்லை, உச்சம் என்னும் பொருளுடைய வேறு சொல் என்றும் அறிந்தோம். தமிழர் பெருமைக்குச் சான்றுகள் வேறு நிரம்ப உள்ளன. இதனை விட்டுக்கொடுப்பதால் குறைவில்லை.

“பயன் உண்டென்பதற்குச் சான்று என்ன?” என்று கேட்டோம். அவர் தந்த விளக்கம் இவ்வூருக்கே உரியது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் உள்ளதை வாசகர்கள் அறிவார்கள். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை இரகங்களின் பெயரில் ஒளிந்திருப்பது இவ்வூர்ப் பெயரே. அங்கே புதிய விதை சிறந்ததென்று வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, புதியதையும் பழையதையும் அருகருகே விதைத்து, விளைச்சலை நிறுத்துப் பார்ப்பார்கள். மனிதரிடத்தும் அவ்வாறே செய்யலாம்.

அவ்வாறு செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கீழே விழும் இடருடைய 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாக்கினர். ஒரு குழுவுக்குத் தாய் சி. மற்றொன்றுக்குப் பலவகை உடற்பயிற்சிகள். மூன்றாவதற்கு உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி. வாரம் இருமுறை, ஆறு மாதங்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, எளிய பயிற்சிக் குழுவினரை நோக்கத் தாய் சி குழுவினர் விழுந்தது 58 விழுக்காடு குறைவு. பலவகைப் பயிற்சிக் குழுவினரை நோக்க 31 விழுக்காடு குறைவு. நடுக்குவாத நோயாளர் 195 பேரைக் கொண்டு 2012-இல் வெளிவந்த ஆய்விலும் உடற்சமநிலை மேம்பட்டது.

எல்லாவற்றிலும் அது வென்றுவிடவில்லை என்பதையும் மருமகன் மறைக்கவில்லை. முழங்கால் தேய்வுள்ள 204 பேரிடம் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் சியும் வழக்கமான இயன்முறைச் சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பயன் தந்தன. தாம் செய்வது எந்தப் பயிற்சி என்பது செய்வோருக்குத் தெரிந்தே இருப்பதால், நம்பிக்கையின் பங்கை முற்றும் பிரித்தெடுக்கவும் இயலாது. நிலக்கடலைக்கு அந்தத் தொல்லை இல்லை! எலும்பு முறிந்தவர் அறுவை மருத்துவரின் இசைவின்றித் தொடங்கலாகாது என்றும் வற்புறுத்தினார். வழுக்கும் குளியலறைத் தரையையும், மங்கிய கண்ணாடியையும், தலைசுற்றல் தரும் மாத்திரைகளையும் கவனியாமல் முற்றத்தில் மட்டும் பயின்று என்ன பயன்? கிணற்றடியைப் பார்த்தோம், பாசி தேய்க்கப்பட்டு, சொரசொரப்பான கல் பதிக்கப்பட்டிருந்தது.

இது சீனச் சமயத்தாரின் வழிபாடு அல்லவா என்று அண்டை வீட்டார் ஒருவர் தமக்கையாரைக் கலக்கியிருக்கிறார். அசைவுகளோடு சீனத் தத்துவச் சொற்கள் கலந்திருப்பது உண்மையே. ஆனால் அந்த முற்றத்தில் நாம் கேட்டது “குதிகால், பாதம், பாரம்” என்ற மூன்று சொற்களை மட்டுமே. நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுவரும் பங்குத்தந்தையிடமே தமக்கையார் கேட்டுவிட்டாராம். தந்தையவர்கள் ஒரு காலை வேளை முழுவதும் அமர்ந்து பார்த்துவிட்டு, தம் முழங்கால் வலிக்கு இது ஆகுமா என்று மருமகனிடம் விசாரித்துச் சென்றாராம்.

இப்பயிற்சியை விரும்புவோர் இப்பகுதியில் நெடுந்தொலைவு தேடவேண்டியதில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று வானூர் வட்டத்தில் தொடங்கப்பெற்ற ஆரோவில்லில் தாய் சி வகுப்புகள் நடைபெறுகின்றன.

விடைபெறுமுன் மருமகன் தம் குறிப்பேட்டைக் காட்டினார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பிவந்து அமரத் தமக்கையாருக்கு ஆகும் நேரம் அதில் வாரந்தோறும் எழுதப்பட்டிருந்தது. முதல் வாரம் 31 நொடி. பன்னிரண்டாம் வாரம் 19. பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆனாலே விழும் இடர் உண்டென்று மருத்துவர் கொள்வராதலின், இன்னும் தொலைவு இருக்கிறது. நம்மையும் சோதித்தார்: 13. நாம் வாய் திறக்கவில்லை.

தமக்கையார் கைத்தடியுடன் வாயில்வரை வந்தார். முதற்படியில் ஒரு காலை வைத்து, நின்று, பாரத்தை மாற்றி, இரண்டாம் படிக்கும் இறங்கினார். மூன்றாம் படியில் நின்றுகொண்டு, “தம்பி, கோயில் வாசலில் எத்தனை படி? ஐந்தா, ஆறா?” என்று கேட்டார். நமக்கும் நினைவில்லை. நிலையத்துக்குச் செல்லும் வழியில் ஆலயத்தின் முன் ஆட்டோவை நிறுத்தி எண்ணிப் பார்த்து, தொலைபேசியில் தெரிவித்தோம். ஐந்து.