சரஸ்வதியின் சேலை

லோத்குண்டா வீட்டுப் பூஜையறைகளில் சரஸ்வதி வெள்ளைச் சேலையில், வீணையுடன் அமர்ந்திருக்கிறாள். அவளை அங்கே கொண்டு சேர்த்ததில் ரவிவர்மாவின் அச்சகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் கடவுளரை வண்ணப் படங்களாக்கி வீடுவீடாகச் சேர்த்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பார்வதிக்கு மேலாடை கிடையாது. அச்சுப் படத்துக்குப் பழகிய கண்ணுக்கோ சேலைதான் தெய்வத்தின் அடையாளம்.

இதே ஹைதராபாத்தில் 1960-களின் இறுதியில் எம்.எஃப். உசேன் ராமாயணத்தை வரையத் தொடங்கினார். யோசனை ராம் மனோகர் லோகியாவுடையது. ஆதரித்தவர் பத்ரி விஷால் பித்தி. மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போன அந்த ஓவியங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை என்று உசேன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1970-களில் அவர் ஆடையற்ற சரஸ்வதியைக் கோட்டோவியமாக வரைந்தார். அப்போது எழாத கோபம், 1996-ல் ஓர் இந்திப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டதும் வெடித்தது. வழக்குகள் குவிந்தன. அகமதாபாத்தில் அவரது படைப்புகள் நாசமாக்கப்பட்டன. பக்தரின் வருத்தம் பொய்யல்ல. ஆனால் படம் மாறவில்லை. அதை எடுத்துக் காட்டிய கை மாறியிருந்தது.

2006-ல் 'பாரத மாதா' என்று பெயர் சூட்டப்பட்ட நிர்வாண ஓவியத்தால் மீண்டும் எதிர்ப்பு. உசேன் நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த ஓவியம் தொடர்பான வழக்குகளை 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகிவிடாது என்றது. தீர்ப்பு வந்தது, ஓவியர் வரவில்லை. 2010-ல் கத்தார் குடியுரிமை பெற்று, 2011-ல் லண்டனில் இறந்தார்.

ராமாயணம் வரைந்தவருக்கு வனவாசம் வாய்த்தது. பட்டாபிஷேகம் வாய்க்கவில்லை.