மூன்றால் வகுபடாத எட்டு

மேற்படிப்பு பற்றி எழுதித் தருமாறு இதழ்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கணிப்பிய இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடி 2014இல் நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் 41. எல்லாம் ஒரே கடிதம்தான். பேராசிரியர் பெயரை மட்டும் மாற்றுவேன். ஓரிடத்தில் அதையும் மாற்ற மறந்துவிட்டேன். பிறகு பதில் எங்கிருந்து வரும்?

அப்பா குளுவாங் பக்கம் செம்பனைக் குலை வெட்டியவர். நான் பட்டம் பெற்றதும் வேலைக்குப் போய்த் தங்கையைப் படிக்கவைப்பேன் என்று வீட்டில் இருந்தார்கள். ஆறு மாதம் தவணை கேட்டிருந்தேன். நான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் ஜெர்மனியில் ஒரு குழு மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓரடுக்குத் தாளைப் பற்றி எழுதிய கட்டுரையை எடுத்து, அதிலிருந்த கணக்கை நானே செய்து பார்த்தேன். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ மென்பொருளுக்குக் கட்டணமில்லை. அலகுக்கு மூன்றே அணுக்கள். என் பழைய மடிக்கணினியும் தாங்கியது. ஆனால் ஆற்றல் பட்டை இடைவெளி அவர்கள் சொன்னதைவிடக் கூடுதலாக வந்தது. மூன்று இரவு விழித்தும் காரணம் புரியவில்லை. குழுத்தலைவருக்கே எழுதினேன். இடம் கேட்கவில்லை. "இப்படிச் செய்தேன், இப்படி வந்தது. எங்கே தவறினேன்?" உள்ளீட்டுக் கோப்பையும் இணைத்திருந்தேன்.

மறுநாளே பதில் வந்தது: "நீங்கள் எடுத்த புள்ளி வலை 8×8. இடைவெளி அமைவது கே என்னும் முனையில். மூன்றால் வகுபடாத வலை அந்த முனையைத் தொடாது." 12×12 போட்டேன், எண் பொருந்தியது. நன்றி எழுதினேன். அதற்கு வந்த மடலில்தான் தம் குழுவில் ஓர் ஆய்வுப் பணியிடம் காலியாக இருப்பதைத் தெரிவித்திருந்தார்.

அங்கே முனைவர் பட்ட மாணவர் பலரை ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். அப்பா நம்பவில்லை. "படிக்கிறதுக்குச் சம்பளமா? ஏமாத்து வேலையா இருக்கப்போவுது, நல்லா விசாரிய்யா." ஒப்பந்தத்தைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்டிய பிறகே கடப்பிதழுக்குப் பணம் தந்தார். தங்கை பி.டி.பி.டி.என். கடனில் படித்தாள், அதை அடைக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி வேறு கதை. அங்கே சொந்த ஆய்வுத் திட்டத்தைக் கேட்பார்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி உதவிநிதிக்கு, முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. எனவே ஜெர்மனி எனக்கு இல்லை. நெதர்லாந்துக்குத் திட்டம் எழுதத் தொடங்கிய வாரம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாதியில் மூடி வைத்துவிட்டுச் சிங்கப்பூரில் ஒரு குழுவில் சேர்ந்தேன். சனிக்கிழமை பேருந்து ஏறினால் குளுவாங். அந்தத் திட்டம் இன்னும் என் கணினியில் கிடக்கிறது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

இப்போது தம்பி தங்கைகள் எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலும் என் 41 மடல்களைப் போலத்தான் இருக்கும். போன மாதம் ஒரு தங்கை கோப்பை இணைத்து, "அண்ணா, எங்கே தவறு?" என்று கேட்டிருந்தார். திறந்ததும் வலையைத்தான் பார்த்தேன். 10×10.