கடத்தல் படமும் எங்கள் வீட்டு விதிகளும்

2013 மே மாதம் முதல் வாரத்தில் 'சூது கவ்வும்' பார்த்தேன். காந்திபுரம் பக்கம் ஒரு தியேட்டர். ஐந்து பேர் போயிருந்தோம், எல்லாரும் என்னோடு எம்.ஏ. தமிழ் படித்தவர்கள். அதில் மூன்று பேர் வளவுப் பையன்கள், இரண்டு பேர் ஊர்ப் பையன்கள். எங்கள் அவிநாசிப் பக்கம் சேரியை வளவு என்றுதான் சொல்வோம். இப்படிப் பிரித்துச் சொல்வதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் ஒன்றாகத்தான் எடுத்தோம், ஒரே வரிசையில்தான் உட்கார்ந்தோம். ஆனால் ஒரே இடத்தில் சிரிக்கவில்லை.

படம் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நலன் குமரசாமிக்கு அது முதல் படம். தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துக் கொண்டிருந்தவர். தாஸ் என்று ஒருவன், விஜய் சேதுபதி நடித்தது, ஆள் கடத்தலைச் சில்லறை வியாபாரம் போலச் செய்கிறான். அந்தத் தொழிலுக்கு ஐந்து விதி வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவன்மேல் கை வைக்கக்கூடாது என்பது முதல் விதி. அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு காதலியும் உண்டு. ஐ.டி. வேலை போனவன், ஓட்டலில் கார் ஓட்டும் வேலை போனவன், நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன் என்று மூன்று பேர் அவனோடு சேர்கிறார்கள். முதல் விதியையே மீறி அமைச்சர் மகனைக் கடத்தப் போகிறார்கள். அந்த மகனோ அப்பனிடமிருந்து பணம் கறக்கத் தன்னைத்தானே கடத்திக்கொள்ளத் திட்டம் போட்டு வைத்திருக்கிறான். பணம் பொம்மை ஹெலிகாப்டரில் பறந்து வருகிறது. அமைச்சர் நேர்மையானவர், அதனாலேயே கட்சிக்கு ஆகாதவர். கடைசியில் அவருக்குப் பதிலாகத் தேர்தலில் நிற்பது அந்த மகன்தான்.

தியேட்டர் அதிர்ந்தது. அமைச்சரின் நேர்மையைப் பார்த்துத்தான் சனம் அதிகம் சிரித்தது. படம் விட்டு வெளியே வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், "ஏனுங், கடைசீல இதுல ஆருங் நல்லவன்?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம். பக்கத்துப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே நான் பிரசங்கம் வேறு செய்தேன். தலைப்பு பாஞ்சாலி சபதத்திலிருந்து எடுத்தது, பாரதி அதன் பிறகு தருமம் வெல்லும் என்று ஆறுதல் சொல்கிறார், இவர்கள் அந்தப் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டார்கள், பெருங்கதையாடல் உடைந்தது என்றெல்லாம். படித்த திமிர். தருமம் எந்தக் காலத்தில் எங்கள் வளவுப் பக்கம் வந்து வென்றது என்ற கடுப்பும் அதில் இருந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

சிரிப்பு பிரிந்தது இடைவேளைக்குப் பிறகு. பிரம்மா என்று ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். வாயே திறக்கமாட்டார். நான்கு பேரையும் பிடித்து அடித்து நொறுக்குவார். அந்தக் காட்சியையும் சிரிப்பாகத்தான் எடுத்திருந்தார்கள். ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கம்மென்று இருந்தோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது என் மாமனைக் கிணற்று மோட்டார் திருடினான் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மோட்டார் நான்காம் நாள் தோட்டக்காரரின் மச்சான் வீட்டில் கிடைத்தது. மாமன் மூன்றாம் நாளே வந்துவிட்டார், ஆனால் ஒரு மாதத்துக்கு அவரால் உட்கார முடியவில்லை. திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டே சோறு சாப்பிட்டார்.

அதே பிரம்மா பின்னால் துப்பாக்கியை இடுப்பில் செருகப் போய், அது வெடித்துத் தன் பின்புறத்தையே சுட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேரும் சீட்டின்மேல் ஏறி விசிலடித்தோம். ஊர்ப் பையன்கள் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அது அவ்வளவு பெரிய காமெடியா என்று ஒருவன் கேட்டான். என்னவென்று சொல்வது?

கடத்தல் காமெடி தமிழுக்குப் புதிதல்ல. 2005 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாள், அன்றைக்குத்தான் கமலஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' வந்தது. அதிலும் தப்பான பிள்ளையைக் கடத்தி மாட்டிக்கொள்வார்கள். தமிழில் பெயர் வை என்று ராமதாசும் திருமாவளவனும் போராடிய படம் அது. கதாநாயகனின் பெயர் அவிநாசி, எங்கள் ஊர்ப் பெயர். அதற்காகவே பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் அதே நாளில் வந்த 'சந்திரமுகி'க்குத்தான் எல்லாரும் போனார்கள். 2013இல் அதே மாதிரிச் சரக்குக்கு வேறு சனம் தயாராக இருந்தது. வேலை கிடைக்காத படித்த பையன்கள் தாஸின் அறைக்குள் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். ஒரு வித்தியாசம், அந்த அறைக்குள் யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்பதில்லை. கோவையில் நான் அறை தேடிய நாட்களில் அந்தக் கேள்வி முன்பணத்துக்கு முன்னால் வந்துவிடும்.

படம் வந்து இரண்டு மாதத்தில், ஜூலை 4இல், தருமபுரியில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

பிறகு 2015. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், பொறியியல் முடித்த தலித் இளைஞர். ஜூன் 23 அன்று கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடைத்தது. கோயில் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் யுவராஜ் மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்தபடி வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18 அன்று இறந்துகிடந்தார். அக்டோபர் 11இல் யுவராஜ் நாமக்கல்லில் சரணடைந்தபோது வேடிக்கை பார்க்கவும் வாழ்த்தவும் கூட்டம் கூடியது.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், அதே பேக்கரி. என்னோடு படம் பார்த்த ஊர்ப் பையன்களில் ஒருவன் போனை எடுத்து அந்தக் குரலைப் போட்டான். "கேளுடா, போலீஸயே எப்பிடி ஓட்டறாப்பலன்னு. படம் தோத்துது போ" என்றான். பக்கத்து மேசையிலிருந்தும் இரண்டு பேர் எட்டிக் கேட்டுச் சிரித்தார்கள். அவனுக்குச் சாதிவெறி என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டில் கை நனைத்தவன், என் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டவன். அவனுக்கு அது இன்னொரு கடத்தல் காமெடி, அவ்வளவுதான். "படத்துல கடத்துனவன வூட்டுக்கு அனுப்பீட்டாங்கடா" என்றேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. "அப்பிடி நெனச்சுச் சொல்லலடா" என்றான். நம்புகிறேன். இப்போதும் பேசிக்கொள்கிறோம். சேர்ந்து படத்துக்குப் போவது மட்டும் நின்றுபோயிற்று.

தாஸின் முதல் விதியை இங்கே யாரும் மீறவில்லை என்பதைத்தான் நான் அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரத்தில் இருப்பவன்மேல் கை வைக்காதே. நம் நாட்டில் அந்த விதிக்கு எவ்வளவு கட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள்!

அப்போது என் தம்பி பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். தினமும் பஸ்ஸில் போய் வருவான். கோகுல்ராஜ் செய்தி வந்த பிறகு அம்மா அவனுக்கு விதிகள் போட ஆரம்பித்தது. "எந்தப் புள்ள கூடவும் கோயிலுக்குப் போகப்படாது. பஸ்ஸுல பொம்பளப் புள்ள பக்கத்துல எடம் இருந்தாலும் நின்னுட்டே வா. ஆரு கேட்டாலும் ஊர்ப் பேரச் சொல்லு, வளவுன்னு சொல்லாத. போய்ச் சேந்ததும் போன் போட்டுச் சொல்லோணும். பொழுதோட வூட்டுக்கு வந்தரோணும்." தம்பி சிரித்தான். "ஏம்மா, நீ தாஸ் மாதிரியே ரூல்ஸ் போடற" என்றான். "அது ஆரு கண்ணு தாஸ்? உங்க வாத்தியாரா?" என்று கேட்டது அம்மா. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

மேடைகளில் நான் பேசுகிறேன், சாதி ஒழிப்பு பேசுகிறேன், காதல் திருமணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அம்மாவின் விதிகளை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி போன் செய்ய அரைமணி தாமதமானால் எனக்கும் கை நடுங்கியது.

2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் அவர்களில் பெரும்பாலானோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். தம்பி இப்போது பீளமேட்டில் வேலை பார்க்கிறான். இன்னமும் போய்ச் சேர்ந்ததும் போன் போடுகிறான், அம்மா சொல்லாமலே.

2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. நாங்கள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பழைய படத்தையே போனில் போட்டு உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தது. வேனுக்குள் ஆளைத் தள்ளுகிற காட்சியில் கை நின்றது.

"இந்தப் பையன வுட்டுருவாங்களா?"

"வுட்டுருவாங்கம்மா."

"நெசமாவா? நீ முன்னாலயே பாத்திருக்கறயா?"

"பாத்திருக்கறேன்."

அதற்குப் பிறகுதான் அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. பொம்மை ஹெலிகாப்டர் பணத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தது.